பலவீனம் என்றுதான் சொன்னேன்

எங்களுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர். கலெக்டர் ஆபீஸ் முதல் மாடி வராந்தாவில் இந்த பெஞ்சில் ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தோம், இப்போது பதினொன்று ஐந்து. அக்கா எனக்கு இடது பக்கம் இருக்கிறாள், மடியில் கைப்பை, கைப்பையின் மேல் இரண்டு கையும், பஸ்ஸில் உட்கார்வது போலவே நிமிர்ந்து. கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வேண்டாம் அக்கா, பழசு ஏதாவது கட்டு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. பழசு கட்டினால் இன்னும் கொஞ்சம் புத்தியில்லாதவளாகத் தெரிவாள் என்று நினைத்தேனா? நினைத்தேன். அதை நினைத்துவிட்டு எப்படிச் சொல்வது. என் மடியில் ஃபைல். அதில் மூன்றாவது காகிதம் எது என்று திறக்காமலே தெரியும். நேற்று ஜெராக்ஸ் கடையில் அதை நீட்டியபோது கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “ரொம்ப மங்கிப் போச்சே சார், இந்த ஒரு வார்த்தை மட்டுந்தான் தெளிவா விழும்” என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் என்றேன். பேனா மையில் சாய்வாக எழுதின ஒரே சொல், 1976-ல் எழுதினது. அக்காவுக்கு அப்போது ஏழு வயது, எனக்கு மூன்று. எழுதின டாக்டர் செத்துக்கூடப் போயிருப்பார். இம்பெசில்.

“தம்பி, அந்தப் புள்ளைக்குக் கால்ல செருப்பு இல்லடே” என்கிறாள் அக்கா. எதிர் பெஞ்சில் ஓர் அம்மா தன் பெரிய மகனைத் தோளில் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள், அவனுக்கு இருபது வயதிருக்கும், வாய் ஓரம் ஈரம். “வீட்ல இருக்கும்க்கா” என்கிறேன். “வெயில்ல எப்படி நடந்து வந்தான்” என்று கேட்டுவிட்டு அவளே யோசிக்கிறாள். இப்படிக் கேட்காதே, உள்ளே போய் இப்படியெல்லாம் கேட்டுவிடாதே. கட்டியைக் கண்டுபிடித்து இரண்டு மாதமும் நாலு நாளும் ஆகிறது. என் மனைவி செண்பகவல்லிதான் பார்த்தாள். அக்காவுக்கு ரவிக்கை கொக்கி மாட்டிவிடும்போது விரலில் தட்டியது, இடது மார்பில், புளியங்கொட்டை அளவு, அதைவிடக் கொஞ்சம் பெரிசு. “வலிக்கா மதினி?” “இல்லையே.” அன்று இரவு செண்பகம் என்னிடம் சொன்னபோது நான் பத்தாம் வகுப்புப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன், அந்தக் கேள்விக்கு எத்தனை மார்க் போட்டேன் என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது, மூன்றுக்கு ஒன்றரை. பிறகு ஸ்கேன். பிறகு ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். காய்ச்சல் ஊசிதான் அக்கா, வலிக்காது என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். நர்ஸும் வலிக்காது என்றாள், செண்பகமும் வலிக்காது என்றாள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அவள் அழுகிற சத்தம் கேட்டது. அதுவரை அக்கா அழுது நான் கேட்டதேயில்லை, அம்மா போனபோதுகூட அவள் அழவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

புற்று என்று வந்தது. ஆரம்பம்தான், எடுத்துவிட்டால் பிழைக்கலாம், தள்ளிப்போடாதீர்கள் என்றார் அறுவை டாக்டரம்மா. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அக்கா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் விரல் பிரியவில்லை. “வேண்டாம். நான் வரல. நான் வரல.” டாக்டரம்மா எல்லாரையும் விடச்சொல்லிவிட்டு என்னை வெளியே அழைத்தார். “அவங்க வேண்டாம்னு தெளிவா சொல்றாங்க சார். நான் எப்படிக் கத்தி வைக்கிறது?” “அவளுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர்.” “அத நீங்க சொன்னாப் போதாது. சட்டப்படி நீங்க கார்டியனா?” இல்லை. தம்பி. தம்பி என்பது சட்டத்தில் ஒன்றுமில்லை போலிருக்கிறது. அதற்குத்தான் இந்த மனு, இந்த வராந்தா, இந்த ஃபைல். உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள், ஓர் அதிகாரி, ஒரு மனநல மருத்துவர், தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவர். அக்காவிடம் கேள்வி கேட்பார்கள். அவளுக்கு விளங்கவில்லை என்று அவர்களுக்குத் தோன்றினால் எனக்குக் கையெழுத்துப் போடும் உரிமை வரும், நாளைக்கே ஆஸ்பத்திரி. அவளுக்கு விளங்குகிறது என்று தோன்றிவிட்டால் அவள் வேண்டாம் என்று சொன்னதுதான் நிற்கும். அவள் நன்றாகப் பதில் சொன்னால் செத்துப்போவாள். இதை நான் இப்படி நேராக நினைக்கக்கூடாது. ஆனால் வேறு எப்படி நினைப்பது, எந்தப் பக்கம் திரும்பினாலும் இதுதான் வந்து நிற்கிறது.

அதனால்தான் காலையில் பஸ் ஸ்டாப்பில் சொன்னேன். வேறு யாரும் இல்லை, ஒரு நாய் படுத்திருந்தது. “அக்கா, உள்ள எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிரு.” “எது கேட்டாலுமா?” “எது கேட்டாலும்.” “தெரிஞ்சதக் கேட்டா?” “அப்பவும்.” “சரிடே” என்றாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நான் சொன்னால் அவள் கேட்பதில்லை, நான் ஒன்றாம் வகுப்பில் அவள் பெஞ்சிலேயே வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அவள் மூன்றாம் தடவை அதே ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். எனக்குச் சிலேட் துடைத்துக் கொடுத்தாள், கோவை இலை பறித்து வந்து, கரும்பலகைக்குத் தேய்ப்பார்களே அந்த இலை. அடுத்த வருஷம் நான் இரண்டாம் வகுப்புக்குப் போனேன், அவள் நின்றுவிட்டாள். என் தம்பி ரெண்டாங்கிளாஸ் என்று தெருவெல்லாம் சொன்னாள். 

டவாலிச் சேவகன் கதவைத் திறந்து யாரோ முத்துக்குட்டியைக் கூப்பிடுகிறான். எதிர் பெஞ்சு அம்மா மகனைத் தூக்கி நிறுத்துகிறாள். இன்னும் இரண்டு பேர். போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு லைப்ரரியில் தனியாக உட்கார்ந்து பெரிய அகராதியைத் திறந்தேன். இருபத்தாறு வருஷமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் திறந்து பார்த்ததில்லை, ஐ எழுத்துப் பக்கம் வந்தால் கை தானாகத் தாண்டிப் போகும். அன்றைக்குப் பார்த்தேன். ஒரு காலத்தில் டாக்டர்கள் மூன்று படி வைத்திருந்தார்களாம், இடியட், இம்பெசில், மோரான். மூன்று வயதுக்குக் கீழ் புத்தி இருந்தால் முதல் படி, ஏழு வரை இரண்டாம் படி, பன்னிரண்டு வரை மூன்றாம் படி. மருந்துச் சீட்டில் எழுதின சொற்கள், இப்போது ஆட்டோக்காரர்கள் திட்டிக்கொள்கிறார்கள். மோரான் என்பதை நூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் அமெரிக்கர் கிரேக்கத்திலிருந்து எடுத்துச் செய்தாராம். இடியட் என்றால் ஆதியில் மூடன் இல்லை, ஊர்க் காரியத்தில் சேராமல் தன் வீடு தன் பாடு என்று இருக்கிற ஆள். அப்படிப் பார்த்தால் எங்கள் தெருவில் அது நான்தான். இம்பெசிலுக்கு லத்தீன். பலமில்லாதவன், தளர்ந்தவன், அவ்வளவுதான். ஊன்றுகோல் இல்லாதவன் என்று பழைய ஆட்கள் பிரித்துச் சொன்னார்களாம், அது சரியா என்பதில் சந்தேகம் உண்டு என்றும் பக்கத்திலேயே போட்டிருந்தது. இங்கிலீஷுக்கு வந்தபோதும் முதலில் உடம்புக்குத்தான் சொன்னார்கள், உடம்பில் தெம்பில்லாதவன். புத்திக்கு ஏறினது பின்னாடி. பலவீனம். அகராதியை மூட முடியவில்லை. வாட்ச்மேன் வந்து, “சார் பூட்டணும்” என்றார். நான் அந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் அதைத்தான் நான் அப்பாவிடம் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு, அரைப் பரீட்சை லீவு. அப்பா பஸ் டிப்போ வேலையிலிருந்து வந்து கை கழுவினார், க்ரீஸ் போகிற வரை கழுவினார், அது போகாது, போகிற வரை என்று நினைத்துக் கழுவுவார். பிறகு ட்ரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நாலாக, எட்டாக மடித்து அந்த ஒரு சொல் மட்டும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டார். “தம்பி, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு உன் புஸ்தகத்துல பாத்துச் சொல்லு.” பதினோரு வருஷம் அதை வைத்திருந்திருக்கிறார். வெளியாள் யாரிடமும் கேட்கவில்லை, தன் வீட்டில் ஒருவன் இங்கிலீஷ் படிக்கும் வரைக்கும். என்னிடம் சின்ன அகராதி இருந்தது, பரிசு வாங்கினது. பார்த்தேன். மூடன், மந்தபுத்தியுள்ளவன். அப்பாவின் கட்டைவிரல் மடிப்பின் மேல் இருந்தது, நகத்தடியில் கறுப்பு. மடிப்புக்குள் யார் பேர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா. முற்றத்தில் அக்கா தண்ணீர்த் தவலையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள், பதினெட்டு வயது, ஒரு சொட்டுச் சிந்தாமல். “பலவீனம்னு போட்டிருக்குப்பா” என்றேன். அப்பா காகிதத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “பலவீனமா?” “ஆமாப்பா. தெம்பு இல்லன்னு.” “அவ்வளவுதானா” என்றார். அந்தக் குரலை நான் மறந்தால் தேவலை. அவ்வளவுதானா. பதினோரு வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்ததை இறக்கிவைத்த மாதிரி.

மறுநாளிலிருந்து முட்டை. தினமும் இரண்டு, அக்காவுக்கு மட்டும். எனக்கு நாக்கு ஊறும், கேட்க முடியாது. மீன் எண்ணெய் மாத்திரை, பேரீச்சம்பழம், சத்துமாவு. அக்கா தன் முட்டையில் பாதியைப் பிய்த்து எனக்கு வைப்பாள், அப்பா பார்க்காதபோது. அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. தை மாதம் அப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டார். உடம்புதானே, தேறிவிட்டாளே என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்குத் தெரியும், அம்மா என்னைப் பார்த்தாள், நான் பாடப் புத்தகத்தைப் பார்த்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் நல்ல ஆட்கள்தான். மாப்பிள்ளையின் பெரியம்மா அக்காவிடம் அன்பாகத்தான் கேட்டாள். “எதுவரைக்கும் படிச்சிருக்க தாயீ?” அக்கா சந்தோஷமாகச் சொன்னாள். “ஒண்ணாங்கிளாஸ். மூணு தடவ.” அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காபி ஆறிப்போய் ஏடு படிந்தது, எட்டு டம்ளர், ஒருவரும் தொடவில்லை. அவர்கள் போன பிறகு அப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. திட்டவில்லை, அடிக்கவில்லை, ஏன்டா அப்படிச் சொன்ன என்று சாகிற வரைக்கும் கேட்கவில்லை. முட்டை மட்டும் நின்றுபோனது. அப்பா, நீங்கள் இருந்தால் சொல்லுவேன், அந்தப் பெரிய அகராதியில் நான் சொன்னதுதான் போட்டிருக்கிறது என்று. சொன்னால் என்ன ஆகும். அர்த்தம் சரியாக இருந்துவிட்டால் பொய் பொய்யில்லை என்று ஆகிவிடுமா. அன்றைக்கு அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்தச் சொல்லை மறைத்தேன், ஒரு வீடு நிறைய ஆட்களுக்கு முன்னால் அவள் அவமானப்பட்டாள், அவமானம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்ததா? நான் கேட்டேனா? இன்றைக்குக் காப்பாற்றுவதற்காக அதே சொல்லை மூன்று காப்பி எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

“உலகநாதன், சந்தானலட்சுமி” என்கிறான் டவாலி. நடுவில் இரண்டு பேர் என்ன ஆனார்கள்? வரவில்லையாம். நான் எழுந்தபோது ஃபைல் சரிந்து காகிதம் எல்லாம் தரையில். அக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறாள், விளிம்பு சேர்த்துத் தட்டி என்னிடம் கொடுக்கிறாள், அந்த மூன்றாவது காகிதம் அவள் விரலில் மேலாக இருக்கிறது, அவள் கண் அதில் விழுகிறது, அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, தெரியாது, தெரியாது. உள்ளே ஏசி இல்லை, இரண்டு ஃபேன். நடுவில் அதிகாரி அம்மா, என்னைவிடச் சின்ன வயது. டாக்டருக்கு நரைத்த தாடி. தொண்டு நிறுவனத்துக்காரர் எங்கள் மனுவைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். “உக்காருங்கம்மா” என்கிறார் டாக்டர். அக்கா என்னைப் பார்த்துவிட்டு உட்காருகிறாள். “உங்க பேரு என்னம்மா?”

“தெரியாது.”

“இன்னைக்கு என்ன கிழமை?” “தெரியாது.” டாக்டர் மூன்று பென்சிலை மேஜையில் வைக்கிறார். “இது எத்தனை?” அக்கா பென்சிலைப் பார்க்கிறாள், உதடு அசைகிறது, மூன்று என்று அசைகிறது, நிறுத்திக்கொள்கிறாள். “தெரியாது.” “காலைல என்ன சாப்பிட்டீங்க?” “தெரியாது.” நன்றாகச் செய்கிறேனா என்பது போல ஓரக்கண்ணால் என்னைப் பார்க்கிறாள். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, பென்சில் மூன்று என்று சொல்லாமல் இருப்பதற்கு அவ்வளவு பாடு. டாக்டர் பேனாவை மூடிவைக்கிறார். என்னைக் காட்டுகிறார். “இவரு யாரும்மா?” அக்காவின் முகம் என் பக்கம் திரும்புகிறது. இது மட்டும் முடியாது என்று நினைக்கிறேன், இதற்கு மட்டும் அவளால் சொல்ல முடியாது. அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. “தெரியாது” என்கிறாள்.

“நான்தான் சொல்லச் சொன்னேன்” என்று யாரோ சொல்கிறார்கள், என் குரல்தான். “எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுன்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். எல்லாம்னா, தெரியும். ஆபரேஷன் பண்ணலன்னா செத்துருவா மேடம், அதுக்காகத்தான்.” அதிகாரி அம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருக்கிறேன், ஃபைலை மூடிவிடுவார், வெளியே போகச் சொல்லுவார். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளுகிறார். பிறகு அக்காவிடம் திரும்புகிறார். “அம்மா, உங்க தம்பி சொன்னத விட்டுருங்க. ஆபரேஷன் ஏன் வேண்டாம்னீங்க?” இரண்டு மாதமும் நாலு நாளும். இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, செண்பகம் கேட்கவில்லை. அவளிடம் ஏன் என்று ஒன்று இருந்தால்தானே கேட்பது என்று இருந்துவிட்டோம். அக்கா என்னைப் பார்க்கிறாள். தலையை ஆட்டுகிறேன், சொல்லு, தெரிந்ததைச் சொல்லு. “வலிக்காதுன்னாங்க” என்கிறாள். “எல்லாரும் வலிக்காதுன்னாங்க. வலிச்சுது. பொய் சொல்லுதவங்க கத்திய வச்சு என்ன செய்வாங்கன்னு யாருக்குத் தெரியும்.”

டாக்டர் நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரே உட்காருகிறார். “நான் நிஜத்தச் சொல்லட்டுமா? அறுக்கும்போது மயக்கத்துல இருப்பீங்க, தெரியாது. முழிச்சதும் வலிக்கும். பத்து நாள் வலிக்கும். இடது பக்கம் எடுத்துருவாங்க, திரும்ப வராது. கையத் தூக்க ஒரு மாசம் ஆகும்.” ஐயோ, ஏன் இப்படிச் சொல்கிறார், பயந்துவிடுவாள், போச்சு. “எடுக்கலன்னா?” என்று கேட்கிறாள் அக்கா. “எடுக்கலன்னா அது உடம்பு பூரா பரவும். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. அப்புறம் இருக்க மாட்டீங்க.” அக்கா கைப்பையை மேஜைமேல் வைக்கிறாள். வெறுங்கையை மடியில் கோர்த்துக்கொள்கிறாள். “யோசிக்கணும்” என்கிறாள். “யோசிங்க” என்கிறார் அதிகாரி அம்மா. வெளியே டவாலி எட்டிப் பார்க்கிறான், அவர் கையைக் காட்டி அவனைப் போகச் சொல்கிறார்.

அக்கா யோசிக்கிறாள். அவள் யோசிப்பதை நான் இப்போதுதான் பார்க்கிறேன், ஐம்பது வருஷத்தில். புருவம் சுருங்கவில்லை, முகம் இறுகவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மூச்சை மெதுவாக விடுகிறாள், சுமையைத் தூக்குவதற்கு முன்னால் நிற்கிறவள் மாதிரி. எவ்வளவு நேரம் ஆகிறது. இரண்டு நிமிஷமா, ஐந்தா. இடையில் புகுந்து சரின்னு சொல்லுக்கா என்று சொல்லிவிடலாம், சொன்னால் சொல்லிவிடுவாள், எனக்காகச் சொல்லிவிடுவாள், அது என் கையெழுத்துத்தான். நாக்கைப் பல்லுக்கடியில் வைத்துக்கொள்கிறேன். வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று பதில் தேடினால் நான் இத்தனை நேரம் கொடுத்ததில்லை. மூன்று எண்ணுவேன், அடுத்தவன் எழுந்திரு என்பேன். ஸ்லோ என்று மார்க் ஷீட்டில் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறாள். சொன்னால் நான் என்ன செய்வேன், இவளை இவள் வேண்டாமோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேனா, பக்கத்து அறையில் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ கேட்டுக்கொண்டு படுத்திருப்பேனா.

“சரி” என்கிறாள் அக்கா. டாக்டர் தலையசைக்கிறார். “புதன்கிழமைக்கு ஆஸ்பத்திரியில இடம் இருக்குன்னு இந்தச் சீட்டுல எழுதியிருக்கு” என்கிறார் தொண்டு நிறுவனத்துக்காரர். அக்கா உடனே, “புதன்கிழமை முடியாது. அன்னைக்குத்தான் எங்க தெருவுக்குத் தண்ணி வரும். லூர்தம்மாளுக்குப் பிடிச்சு வச்சிட்டு வியாழக்கிழமை வாரேன். ஒரு மாசம் கை தூக்க முடியாதுன்னா வேற ஆளு சொல்லணும் அவளுக்கு, அதையும் பாக்கணும்” என்கிறாள். அதிகாரி அம்மா அந்தச் சீட்டில் புதன் என்பதை அடித்து வியாழன் என்று எழுதுகிறார். என் மனுவை ஃபைலிலிருந்து உருவி, மூன்றாவது காகிதத்தோடு சேர்த்து என்னிடமே திருப்பித் தருகிறார். “இது தேவைப்படாது சார்.” அவருடைய பேனாவை அக்கா வாங்கிக்கொண்டு, ஆபரேஷனுக்குச் சம்மதம் என்கிற காகிதத்தில் காட்டின இடத்தில் தன் பெயரை எழுதுகிறாள், ச, ந்-க்குப் புள்ளி வைத்து, தா, ன, நாக்கு நுனி வெளியே தெரிய, எழுத்துக்கு எழுத்து நின்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

படியிறங்கும்போது கேட்டேன். “லூர்தம்மா யாருக்கா?” “நம்ம வீட்டுக்கு மூணாவது வீடு. பச்சைக் கதவு. அவளுக்குக் கால் வராதுல்லா, எட்டு வருஷமா நாந்தான் தண்ணி பிடிக்கேன்” என்று சொல்லிவிட்டு, ரோட்டைக் கடக்க இரண்டு பக்கமும் பார்த்தாள். வண்டி இல்லை. எனக்கு முன்னால் நடந்து போனாள்.